மறதிக்கு மருந்து விற்ற ஆவுடைநாயகம்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் போதும், ஆவுடைநாயகத்தின் தொண்டையும் திறந்துவிடும். பேரருவிக்குப் போகிற வழியில் தகரப்பெட்டியோடு நின்று, "வல்லாரை, தூதுவளை, நீர்பிரமி! தின்னா மறதி கிட்டவே வராது!" என்று கத்துவார். மூலிகையாம், மண்ணாங்கட்டி! முக்கால்வாசி கருப்பட்டி. தென்காசி வீட்டில் அந்த லேகியத்தைக் கிண்டிக் கிண்டிக் கை காய்த்துப்போனவள் அவர் மனைவி செண்பகவல்லி. அந்தப் பெயர் கல்யாணத்தோடு சரி. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆம்பிளை அந்தத் தெருவிலேயே கிடையாது. இவருக்கும் அவள் "ஏட்டி"தான்.

"லேகியத்தைத் தின்னுட்டு, பாடத்தைக் காலையும் மாலையும் விடாமச் சொல்லணும்" என்பது அவர் விதித்த பத்தியம். வாங்கித் தின்ற பிள்ளைகள் சொன்னார்கள், பாஸானார்கள். பேர் லேகியத்துக்குப் போனது.

ஒரு சீசனில், எண்ணெய் வழியும் உடம்போடு நின்ற பட்டணத்து டாக்டர் ஒருவர் சிரித்துவிட்டார். "திரும்பத் திரும்பச் சொன்னா மூளையில நரம்புக்கும் நரம்புக்கும் உள்ள தொடுப்பு பலப்பட்டு நிலைச்சுடும்கிறாங்க. சொல்லாம விட்டா தளர்ந்துடும். இதுல உம்ம லேகியத்துக்கு என்னய்யா வேலை?"

"அப்பம் நீரு போய் நரம்பைத் தின்னும்வே!" என்று இவர் பெட்டியை மூடினார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த செண்பகவல்லிதான் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

யுத்த காலத்தில் மறதி வந்தது. வேறு யாருக்கு, அவருக்கேதான். ஒருநாள் சோறு போட்டவளை நிமிர்ந்து பார்த்து, "ஆச்சி, நீங்க எந்த ஊரு?" என்றார். பாவி மனுஷன்! லேகியப் பேச்சு மட்டும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. கருப்பட்டிக்கு இருக்கிற இடம் கட்டினவளுக்கு இல்லையா என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தன் பேரை ஒரு தடவைகூடச் சொல்லாமலே போய்விடுவாரோ என்று பயந்தாள். அப்போதுதான் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவர் எதிரே உட்கார்ந்தாள். "வல்லாரை, தூதுவளை, நீர்பிரமி, செண்பகவல்லி. எங்க, சொல்லுங்க." அவர் கடைசிப் பேரை விழுங்கினார், முறைத்தார், எழுந்து போனார். இவளும் விடுகிறதாக இல்லை.

அடுத்த சாரல் தொடங்கிய அன்று வாசலிலிருந்து குரல் வந்தது: "வல்லாரை, தூதுவளை, நீர்பிரமி, செண்பகவல்லி!"

கரண்டியும் கையுமாக ஓடினாள். "செண்பகவல்லின்னா யாரு? சொல்லுங்க பாப்பம்!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். வியாபார ரகசியம் அல்லவா!

"மூலிகை, ஆச்சி. அது சேரலன்னா மத்ததெல்லாம் வெறும் கருப்பட்டி. லேசுல கிடைக்காது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்பம் எனக்கு ஒரு டப்பா குடுங்க" என்று கையை நீட்டினாள்.