சிரித்த முகத்துக்கு அனுமதி இல்லை

ஆஸ்பத்திரியில் அரசுக் காப்பீட்டு மேசையில் உட்காருகிற எங்களுக்கு ரத்தத்தைப் பார்த்தால் பயமில்லை. கம்ப்யூட்டரில் மஞ்சளாக 'நிலுவை' என்று வந்தால்தான் பயம். ரேஷன் கார்டு, டாக்டர் சீட்டு, போட்டோ எல்லாம் ஏற்றி அனுப்புவோம். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு டாக்டர் பார்த்துச் சரி என்றால் பச்சை வரும், ஆபரேஷன் நடக்கும். அதுவரை மஞ்சள்தான். அந்த மஞ்சளுக்கு முன்னால் காத்துக் கிடந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு மயிலாத்தாக்காவைப் பற்றிச் சொன்னால் புரியும்.

தேய்ந்த விரல்

மயிலாத்தாக்கா மேட்டுப்பாளையம் பக்கம், பாக்கு உரிக்கிற வேலை. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில்தான் என் மேசைக்கு வந்தார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. பின்னால் துணிப்பையோடு வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன்.

கைரேகை வைக்கச் சொன்னேன். மெஷின் ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்தோம், தலைமுடியில் தேய்த்தோம், விரல் மாற்றி விரல் வைத்தோம். ஊஹூம். பதிவு ஆகாவிட்டால் அனுமதி கேட்கவே முடியாது. எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் கேமராவில் கண்ணைக் காட்டித்தான் பதிவு ஆனது. அதற்குள் அக்கா எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "பயப்படாதீங் கண்ணு. என்ற ரேகையெல்லாம் பாக்கு மண்டியில கெடக்குதுங்க, இங்க எப்படி உழுகும்?"

கனகாம்பரம்

நோயாளி கட்டிலில் இருக்கிற போட்டோவும் அனுப்ப வேண்டும். ஆளே இல்லாமல் ஆபரேஷன் செய்ததாகக் கணக்குக் காட்டக் கூடாதே, அதற்காக அரசு வைத்த விதி. வார்டு நர்ஸ் மும்தாஜ் அக்காதான் எடுப்பார். உக்கடத்துக்காரர், சுறுசுறுப்பு. அன்று சாயங்காலமே எல்லாம் போய்ச் சேர்ந்தது. காலையில் பச்சை வரும் என்று பார்த்தால் கேள்வி வந்திருக்கிறது: 'நோயாளி நலமாக இருப்பதாகத் தெரிகிறது. விளக்கம் தேவை.'

போட்டோவைத் திறந்தேன். தலை வாரி, கனகாம்பரம் வைத்து, நல்ல சேலை கட்டி, மயிலாத்தாக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லை.

வார்டுக்கு ஓடினேன். குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தது அக்காவேதானாம். மும்தாஜ் அக்கா திட்டியும் கேட்கவில்லை, ஒரே நிமிஷம் என்று கெஞ்சினாராம். நம் பக்கத்து ஆட்கள்தான் உங்களுக்குத் தெரியுமே, உதவி கேட்டுப் போகிற இடத்துக்கும் சலவைத் துணிதான் கட்டுவோம். அதனால்தான் இந்த அலங்காரம் என்று நினைத்தேன். பொன்னுசாமி அண்ணன் தண்ணீர் பிடிக்கப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு அக்கா சொன்னார்: "சர்க்காருக்காக இல்லீங் கண்ணு. நான் தேறலீன்னா மாலை போடறதுக்கு ஊட்டுல என்ற போட்டோ ஒண்ணுகூட நல்லா இல்லீங்க."

காலிக் கட்டில்

விளக்கம் எழுதி, டாக்டர் கையெழுத்து வாங்கி, புது போட்டோவும் அனுப்பினோம். இந்தத் தடவை அக்காவால் உட்காரவே முடியவில்லை. ஆனாலும் மஞ்சள் மாறவில்லை. போன் போட்டுக் கேட்டால் 'பார்வையில் இருக்கிறது' என்றார்கள்.

எங்கள் வேலையில் பெரிய பயம் மறுப்பு வருவதல்ல. காத்திருந்து சலித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவார்களே, அதுதான். பச்சை வந்த பிறகு கட்டிலில் ஆள் இருக்காது. போனவர்கள் பலர் திரும்பி வருவதும் இல்லை. மறுநாள் மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு நேராக வார்டுக்குத்தான் போனேன். மயிலாத்தாக்காவின் கட்டில் காலி. விரிப்புகூட மாற்றிவிட்டார்கள்.

படிக்கட்டுப் பக்கம் பொன்னுசாமி அண்ணன் பையோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். அக்கா எங்கே என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். விடியும்போது மூச்சு ரொம்பத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்: "ஊட்டுக்கே போயிரலாமுன்னு நேத்து நான் கூப்பிட்டனுங்க. அந்தப் புள்ள நமக்காவ கம்ப்யூட்டரையே பாத்துட்டு உக்காந்திருக்குது, சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும்னு அவதான் சொல்லிப்போட்டா."

போகும்போது ஒன்று

அன்று மத்தியானம் பச்சை வந்தது. நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் பயந்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போதும் ஒரு போட்டோ வேண்டும், அதுவும் விதி. நானே எடுக்கிறேன் என்று போனேன். பொன்னுசாமி அண்ணன் வாங்கி வந்திருந்த கனகாம்பரத்தை அக்கா வைத்துக்கொள்ளவில்லை. முடியைக் கலைத்துவிட்டு, கழுத்தைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, காய்ச்சல்காரி மாதிரி உட்கார்ந்துகொண்டார். மும்தாஜ் அக்கா சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். இப்போது சிரிக்கலாம் அக்கா, தப்பில்லை என்றேன். அக்கா உதட்டை அசைக்காமலே சொன்னார்: "வேண்டாமுங் கண்ணு. சிரிச்சா வால்வைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லிப்போடுவாங்க."

அரசாங்கம் உயிரைக் காப்பாற்றுகிறது, இல்லையென்று சொல்ல முடியாது. அதுவரைக்கும் போட்டோவில் நாம் பிழைக்க மாட்டோம் போலத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.