பாப்பாவுக்கு எத்தினி குடுத்தீங்க?

மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து முடித்த பிறகுதான் தேவசுந்தரி ஆளையே நிமிர்ந்து பார்ப்பார். உடனே கேள்வி வரும்: "யாருக்குங்க? வயசு இன்னா?" திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாக இதே கதைதான். காவடியோடு மலையேறி இறங்கியவர் கால்வலிக்குத் தைலம் கேட்டாலும், "சுகர் இருக்குதா?" என்று விசாரிக்காமல் விடமாட்டார்.

"எம்மா, நீ மருந்து விக்கிறியா, ஜனத்தொகை எடுக்கிறியா?" என்பார் கடை முதலாளி கோதண்டம்.

"ரெண்டுந்தான் சார்."

போன மாதம் ஒரு காலையில், கே.ஜி.கண்டிகை ஆட்டோக்காரர் கங்காதரன் காலியான அட்டை ஒன்றை நீட்டினார். "இதுல இன்னும் பத்து குடுங்க மேடம்."

"யாருக்கு?"

"பாப்பாவுக்குங்க, நாலு வயசு. படுக்கையிலயே ஒண்ணுக்குப் போய்டுது. பக்கத்து வூட்டுப் பெரிய பொண்ணுக்கு டாக்டர் இதத்தான் எழுதினாராம். மிச்சம் இருந்தத குடுத்தாங்க."

அது மனச்சோர்வுக்கான மாத்திரை. படுக்கையை நனைக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் மருத்துவர்கள் அளந்து கொடுப்பதுண்டு. சின்னஞ்சிறு உடம்பில் அளவு மீறினால் வலிப்பு வரும். இதயத் துடிப்பும் தடுமாறும்.

"எத்தினி குடுத்தீங்க?"

"நேத்து ராத்திரி ஒண்ணு. கேக்கல. அதான் காலைல மூணு... ஆட்டோலதான் தூங்கிகினு இருக்குதுங்க."

தேவசுந்தரி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோவில் தாய் அனுசுயாவின் மடியில் குழந்தை சௌமியா துவண்டு கிடந்தாள். தேவசுந்தரியும் ஏறிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வுடுங்க!"

மருத்துவமனை வாசலை எட்டும்போதே வலிப்பு வந்துவிட்டது. வண்டியை நிறுத்திய கங்காதரன் சாவிக்கொத்தைக் குழந்தையின் கையில் திணிக்கப் போனார்.

"சாவியெல்லாம் வேணாம்! பாப்பாவ ஒருக்களிச்சுப் புடிம்மா. வாயில எதுவும் வைக்காத!"

தேவசுந்தரி அட்டையை மருத்துவரிடம் நீட்டி, கொடுத்த அளவையும் நேரத்தையும் கடகடவென்று ஒப்பித்தார். என்ன மருந்து என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. ஊசி போட்டார்கள்; நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். வலிப்பு நின்றது.

மூன்றாம் நாள் தேவசுந்தரி பார்க்கப் போனபோது சௌமியா இட்லி கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். கங்காதரன் மட்டும் கதவோரமே நின்றார்.

"கிட்ட வாங்க."

"வேணாம் மேடம். இந்தக் கையாலதான குடுத்தேன்."

தேவசுந்தரி கதவருகே போனார். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து, குழந்தையின் நெஞ்சின் மேல் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.