கண் சொக்கிய பல்பு

சித்தப்பா விழுப்புரத்தில் ஒரு மைக் செட் கடையில் கழித்துப்போட்ட வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கி, திண்டிவனம் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரும்புப் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "கைக்கொழந்தைக்கு ஏதுங்க டிக்கெட்டு" என்று சொன்னதாக வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டார்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில், கரண்ட் கம்பங்கள் முடிகிற இடத்தில் எங்கள் கொல்லை, அதாவது பயிர் வைக்கிற நிலம். கொல்லையிலேயே வீடு. கரண்ட் எங்களிடம் வந்து சேர்வதற்குள் களைத்துப்போயிருக்கும். சித்தப்பா திண்டிவனத்தில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். சர்ச்சில் வாசிக்கிற ஒருவரிடம் கிடார் கற்றுக்கொண்டிருந்தார். விழுப்புரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிடார் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட, அந்த இடம் காலியாக இருந்தது. பாட்டுக்கு நடுவில் மற்றதெல்லாம் அடங்கி, கிடார் மட்டும் தனியாகப் பேசுமே, அந்த வேலை. சித்தப்பாவுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "களை வெட்டச் சொன்னா கை வலிக்குது. டொய்ங்கு டொய்ங்குன்னு நோண்டிக்கினு இருக்க மட்டும் வலிக்கல" என்பார்.

அந்தப் பெட்டியிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பல நேரம் அதன் சத்தம் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கும். மாடுகூடக் காதை ஆட்டும். ஆனால் சில சாயங்காலங்களில், அதே விரல்கள் அதே பாட்டை வாசிக்க, சத்தம் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி கனிந்து, நீண்டு, மெதுவாக அடங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வு நன்றாகச் சூடேறிக் காய்ந்தால்தான் பாடும் என்று சித்தப்பா முடிவுகட்டினார். லீவு நாட்களில் மத்தியானமே பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, உலையில் அரிசி வேகக் காத்திருப்பவர்போல எதிரே உட்கார்ந்திருப்பார்.

என் கணக்கு வேறு. பெட்டி நன்றாகப் பாடும்போதெல்லாம் கூடத்து பல்பு மங்கிச் சிவந்துபோவதை நான் பார்த்திருந்தேன். பாட்டின் இனிப்பில் பல்பு கண் சொக்கிவிடுகிறது என்று நம்பினேன். ஒருநாள் அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

"அடப் போடா. உங்கப்பா கெணத்து மோட்டாரு போட்டா வெளக்கு இப்பிடித்தான் அழுது வடியும். மேலண்டையாரும் போட்டுட்டாருன்னா சோத்துல கல்லு எதுன்னே தெரியாது" என்றாள்.

மேலண்டையார் என்பவர் மேற்குப் பக்கத்துக் கொல்லைக்காரர். வரப்புத் தகராறில் அவரும் அப்பாவும் வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அம்மா அவர் பேரை எடுத்ததும் அப்பா முறைப்பார் என்று நினைத்தேன். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பி பல்பைப் பார்த்தார். பிறகு பாடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார்.

சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போய் வாசித்துக் காட்டினார். குழுவின் மாஸ்டர், "வெரலு நல்லா ஓடுது தம்பி, சவுண்டுதான் காதக் கிழிக்குது" என்று சொல்லிவிட்டார். "எங்க வூட்ல வேற மாதிரி கேக்குதுங்க" என்றாராம் சித்தப்பா. "அப்போ கச்சேரியெல்லாம் உங்க வூட்லியே வச்சிக்கலாமா?" என்று தபேலாக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் கல்யாணக் கச்சேரி இருப்பதால் அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கே வந்து ஒரு தரம் கேட்பதாகவும், அன்றைக்கும் இதே சத்தம் என்றால் அதே இடத்தைக் கேட்டு வந்திருந்த பண்ருட்டிப் பையனை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்தினம் நல்ல மழை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் தண்ணீர் நின்றது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்து பல்பு வெள்ளைவெளேரென்று எரிந்தது. விருந்தாளி வருகிற நேரத்தில் இவ்வளவு வெளிச்சமா என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

மாஸ்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா முதல் பாட்டை வாசித்தார். தகரம். மத்தியானத்திலிருந்து காய்ந்துகொண்டிருந்த பெட்டிதான். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு பாட்டுங்க. காஞ்சிடுங்க, இப்ப வந்துடும்" என்றார் சித்தப்பா. பெட்டியின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார்.

கதவோரம் நின்றிருந்த அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் பல்பு லேசாகச் சிவந்தது. தகரம் கொஞ்சம் தணிந்தது. மூன்றாவது பாட்டில் பல்பு அடியோடு கண் சொக்கிவிட்டது. பெட்டியிலிருந்து வெல்லப்பாகு இறங்கியது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. திறந்ததும் அண்ணாந்து பல்பைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தப் பொட்டிக்கு ஃபுல் கரண்ட்டு ஆவாது தம்பி. அரை வயித்தோட இருந்தாத்தான் பாடும். கரண்ட்ட ஏத்தி எறக்குற பொட்டி ஒண்ணு நம்மகிட்ட சும்மா கெடக்குது. ஊரு பூரா ஏத்தி வைப்பான், நீ எறக்கி வச்சி வாசி. வெள்ளிக்கிழம திருவெண்ணெய்நல்லூர்ல கச்சேரி. வந்துடு."

சித்தப்பா கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டார். அம்மாதான், "டீ குடிச்சிட்டுப் போங்க" என்று ஓடினாள். அப்பாவுக்கும் ஒரு சொம்பில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

நான் கொல்லைக்குப் போனேன். ஈரத்தில் கால் புதைந்தது. பம்ப்செட் கொட்டாயில் எங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேலண்டையார் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. மல்லாட்டைக்குப் போகாதபடி மடையை வெட்டி, அவ்வளவு தண்ணீரையும் ஓடையில் விட்டிருந்தார்கள். தகராறு நடந்த அதே வரப்பில் அப்பாவும் மேலண்டையாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"மழ பேஞ்சிருக்குதே, எதுக்குப்பா மோட்டாரு?"

"சும்மா கெடந்தா துரு புடிச்சிக்கும்" என்றார் அப்பா. பிறகு, "உள்ள இன்னா சொன்னாரு?"

"சித்தப்பாவ வெள்ளிக்கிழம வரச் சொல்லிட்டாரு."

அப்பா சொம்பை வாங்கி முதலில் மேலண்டையாரிடம் நீட்டினார். "நிறுத்திடட்டுமா?" என்று அவர் கேட்டார். "அவரு வண்டி ஏர்ற வரிக்கும் ஓடட்டும்யா" என்றார் அப்பா.

நான் வீட்டுக்கு ஓடிவந்து, மாஸ்டர் புறப்படும்வரை காத்திருந்து, சித்தப்பாவின் காதோரம் என் ரகசியத்தைச் சொன்னேன். "பல்புக்கு உன் பாட்டு புடிச்சிப்போச்சி சித்தப்பா. அப்பாவுக்குத்தான் புடிக்கல. மழத் தண்ணி நிக்கிற கொல்லைல போய் மோட்டாரு ஓட்டிக்கினு நிக்கிறாரு. மேலண்டையாரும் கூட நிக்கிறாரு."

சித்தப்பா என்னையே பார்த்தார். கிடாரைக் கீழே வைத்தார். செருப்புகூடப் போடாமல் கொல்லைப் பக்கம் ஓடினார். வேலை கிடைத்த சந்தோஷத்தை விட்டுவிட்டு அந்தச் சேற்றில் எதற்கு ஓடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.