சிவப்புக் கோட்டுக்காரி அடுப்படியில் சொன்னது

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், மகள் ஹாலில் குப்புறப் படுத்தபடி லேப்டாப்பில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பெண். சிவப்புக் கோட்டு, கையில் கரண்டி, பக்கத்தில் ஒரு மொட்டைத்தலைப் பெரியவர். நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இது பிரெஞ்சுப் படந்தானே?"

"ஆமாப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்றா கேட்கிறாய், இந்தப் படத்தைப் பதினோரு பேருக்குத் தமிழில் சொன்னவனே உன் அப்பன்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் பாதியில் போனை எடுத்துவிடுவாள். நீங்கள் பொறுமைசாலி, உங்களிடம் சொல்கிறேன்.

கையிலிருந்த வாளியில் ஈரக் கம்பளியின் வாசம். ஏற்காட்டில் நான் வேலை பார்த்த லாட்ஜ் முழுக்க அந்த வாசம்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் கம்பளி காயவே காயாது. வருகிற விருந்தாளிகளும் குறைந்துபோவார்கள். அறையைப் பெருக்கும்போது அவர்கள் மறந்துவிட்டுப் போனதெல்லாம் கிடைக்கும். அதைப் பூட்டி வைக்கிற அலமாரியின் சாவி என்னிடம். ஒற்றைக் காலுறை, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை முழுப் பல்செட். பல்லை மறந்துவிட்டு மலையிறங்கியவர் கொண்டை ஊசி வளைவு இருபதையும் எப்படித் தாண்டினார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஏழாம் நம்பர் அறையில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி விட்டுப்போனது ஒரு சினிமா டி.வி.டி. தகடு. அதுவும் அலமாரிக்குள் போயிற்று.

எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது, எல்லாம் முடிந்த மாதிரிதான். பெண், மாமன் மகள் மேகலா. அவள் பிறந்த அன்றைக்கே எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பூ வைப்பது, தையில் கல்யாணம். மேகலாவைப் பிடிக்காது என்றில்லை. அவளுக்குச் சளி பிடித்தால் மூக்குச் சிந்திவிட்டவன் நான். அதுதான் சங்கடமே. மாமாவிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை சேலத்துக்கு பஸ் ஏறிப் போனேன். மூன்று முறையும் அவருடைய ஜவுளிக்கடையில் காபி குடித்துவிட்டு, "இந்த வேட்டிக் கரை நல்லா இருக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மாமா முன்னால் நிற்கும்போது எனக்கு வருகிற தைரியம் அவ்வளவுதான். வேறு யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு மறுத்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். எனக்கு அப்படி ஒருத்தியும் இல்லை.

பூ வைப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா, அத்தை, மேகலா மூவரும் மலைக்கு வந்தார்கள். நாங்கள் குடித்தனம் நடத்த தலைச்சோலைப் பக்கம் ஒரு வீடு பார்ப்பதாக ஏற்பாடு. வீடு பார்த்தாயிற்று. அத்தை சமையலறையில் நின்று, அடுப்பு எந்தப் பக்கம், தண்ணீர்க் குடம் எந்தப் பக்கம் என்றுகூடத் தீர்மானித்துவிட்டாள். நானும் மேகலாவும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு லாட்ஜுக்கு அழைத்து வந்தேன். அதற்குள் மலைப் பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மழை விடவில்லை, கரண்டும் கேபிளும் போய்விட்டன. சாப்பாட்டு ஹாலில் டி.வி. சும்மா கிடந்தது. சமையல்காரர் பழனி மாஸ்டர் என் அலமாரியைக் காட்டினார்.

"அந்த பிரெஞ்சுப் படத்தைப் போடுங்க தம்பி. உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே."

"மாப்ளைக்கு பிரெஞ்செல்லாந் தெரியுமா?" என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தெரியும்தான். கேட்டரிங் படித்தவர்களுக்கு பிரெஞ்சு சொல்லித்தருவார்கள். வெங்காயத்தை நீளமாக நறுக்கினால் என்ன பெயர், பொடியாக நறுக்கினால் என்ன பெயர், வெள்ளை சாஸுக்கு வெண்ணெயும் மைதாவும் எவ்வளவு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் அடுப்படியைத் தாண்டாது. ஆனால் மாமா பெருமையாகப் பார்க்கும்போது அதைச் சொல்ல முடியுமா? ஜெனரேட்டரைப் போட்டு, படத்தையும் போட்டேன். மாமா வீட்டார் மூவர், லாட்ஜில் வேலை செய்கிறவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

காதல் படம், அதுவும் சிரிப்புப் படம் என்று தெரிந்தது. யாருக்கு யார் என்பதுதான் புரியவில்லை. சிவப்புக் கோட்டுக்காரிக்கும் தாடிக்காரனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தாடிக்காரன் வேறொருத்தியைப் பார்க்கிறான், அந்த வேறொருத்தி சைக்கிள்காரனைப் பார்க்கிறாள். பழனி மாஸ்டர் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுகிற கரும்பலகையைத் துடைத்து எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்து எழுதினார். யாராவது யாருக்காவது கன்னத்தில் முத்தம் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. அந்த ஊரில் வணக்கம் சொல்வதே அப்படித்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அரை மணி நேரத்தில் பலகையில் கோடு போட இடமில்லை.

"ஏனுங்க தம்பி, இந்தத் தபால்காரருக்கும் அந்தம்மாவுக்கும் கூடவா?" என்றார் மாஸ்டர் சோர்ந்துபோய்.

"கூடத்தானுங்க."

"நொம்ப மோசம்," என்றாள் அத்தை. முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் மாஸ்டர் ஒரு கோட்டை விட்டுவிட்டபோது அதைச் சுட்டிக் காட்டியது அவள்தான்.

அப்புறம் அந்த அடுப்படிக் காட்சி வந்தது. விடிந்தால் கல்யாணம். சிவப்புக் கோட்டுக்காரி அந்த மொட்டைத்தலைப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்று, பாத்திரத்தைக் கிளறியபடி நெடுநேரம் பேசினாள். அவர் அவளுடைய அப்பாதான் என்று நாங்கள் ஏற்கனவே முடிவு செய்திருந்தோம். மாமாவுக்கும் தலையில் முடி கிடையாது.

"என்ன சொல்றா மாப்ள?" என்றார் மாமா.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். படம் முழுக்க எனக்குப் புரிந்த காட்சி அது ஒன்றுதான். வெண்ணெய், மைதா, பால். அவள் வெள்ளை சாஸ் செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னது வேறு. "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாங்கப்பா. மாப்பிள்ளை நல்லவர்தான். சின்ன வயசுல இருந்து கூட வளந்ததால அப்படி நினைக்கவே முடியல. உங்க மனசு நோகுமேன்னு இத்தனை நாளாச் சொல்லலைங்கப்பா." திரையில் அவள் கரண்டியை நக்கிப் பார்த்தாள்.

மாமா தொடையைத் தட்டினார். "புள்ள வாயைத் தொறந்து சொல்லிப்போட்டா. அப்பறம் என்ன? கேட்டுக்கோணும். பெத்தவன் அதுக்குத்தான இருக்கறான்."

"அப்பா," என்றாள் மேகலா. நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். "நானும் அதையேதான் சொல்றேனுங்கப்பா."

அத்தை முந்தானையைக் கீழே இறக்கினாள். மாமா மகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

"படத்தைப் பத்திங்களா மாமா?"

"படத்தைப் பத்தித்தான் இத்தன நேரமாச் சொல்லிட்டிருக்கறயே."

"அவ சொல்றதுதானுங்க மாமா எனக்கும்."

மாமா எழுந்து வெளியே போனார். பனிமூட்டத்தில் எதிரே இருந்த சவுக்கு மரமே தெரியவில்லை. அதைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றிருப்பார். திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "டீ போடச் சொல்லு," என்றார். "அந்தப் புள்ள கடைசில யாரைக் கட்டறான்னு பாத்துப்போட்டே போலாம்."

நெஞ்சில் வைத்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. டீ வருவதற்குள் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து, முடிவை யாரும் பார்க்க முடியவில்லை. மரத்தை வெட்டி எடுத்து அவர்களை பஸ் ஏற்றிவிட்ட பிறகு, அன்றைக்கு ஆறு சப்பாத்தி தின்றேன். அத்தை என் அம்மாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. மேகலா தன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பந்தியில் சாம்பார் ஊற்றியது நான்தான், முழு மனதோடு ஊற்றினேன். மாமாவோ அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு நடந்தாலும், "பொண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பிரெஞ்சுக்காரன் ஊட்டுலயே கேக்கறாங்க," என்பார். அந்த ஒரு கேள்வியால் எங்கள் சொந்தத்தில் நின்றுபோன கல்யாணம் இரண்டு, நடந்த கல்யாணம் மூன்று. என் மனைவி வீட்டிலும் அதைத்தான் முதலில் கேட்டார்.

"ஏம்ப்பா வாளியோட நிக்கறீங்க?" என்றாள் மகள். திரையில் அதே அடுப்படி. கீழே தமிழில் எழுத்து ஓடியது. 'வெண்ணெய் உருகுவதற்குள் மாவைக் கொட்டாதீர்கள், மாமனாரே. கட்டி தட்டிவிடும்.' அவர் அப்பாவும் இல்லை. அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் தாடிக்காரனையே கட்டிக்கொண்டாள்.

வாளியை வைத்துவிட்டு மேகலாவுக்கு போன் போட்டு, நான் சொன்ன பொய்யை முதல் தடவையாக ஒப்புக்கொண்டேன்.

"அது அன்னிக்கே தெரியுமுங்க மாமா," என்றாள். "படம் முச்சூடும் டி.வி.யைப் பாத்துட்டுச் சொன்னீங்க. அந்த ஒண்ணை மட்டும் எங்கப்பா மூஞ்சியைப் பாத்துட்டுச் சொன்னீங்க. நீங்க சொல்லிப்போட்டீங்களேங்கற தெம்புலதான் நான் எந்திரிச்சேன்."

அந்தச் சாப்பாட்டு ஹால் இப்போது கண்ணாடி போட்ட ரிசார்ட் வரவேற்பறை. பழனி மாஸ்டரின் கரும்பலகை எங்கே போயிற்றோ தெரியவில்லை. எல்லாப் படத்துக்கும் கீழே எழுத்து ஓடுகிறது, யாரும் யாரிடமும் கதை கேட்க வேண்டியதில்லை. மாமா போய் இரண்டு வருஷமாகிறது. அந்த மாதிரி தைரியமாகப் பேசிய பெண் உலகத்தில் உண்டு என்று கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேகலா அதற்கும் ஒன்று சொன்னாள். மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவளைக் கூப்பிட்டு, "வெண்ணெய் போட்டு எதையோ கிளறிட்டு இருந்தாளே அந்தப் புள்ள, அதையெல்லாம் அவ பேசியிருக்க மாட்டா கண்ணு. மாப்ளைதான் பேசுனான். வேட்டிக் கரை பாக்கறதுக்கா ஒருத்தன் மூணு தடவ மலையிறங்கி வருவான்?" என்றாராம்.