வெட்டிய வால்

அந்த வாலை வெட்டச் சொன்னது எங்கள் விளையாட்டு வாத்தியார், சேர். நான் அல்ல. இருபது வருடமாக இதைத்தான் சொல்கிறேன். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எத்தாளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி. ஒவ்வொரு இல்லமும் மைதானத்தில் தன் கொட்டகை வாசலில் ஏதாவது பெரிதாகக் கட்டி வைக்கும். அதற்குப் புள்ளி உண்டு. எங்கள் இல்லத்துக்கு நான் சொன்னது நீளக் கழுத்து டைனோசர். பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்த படப் புத்தகத்தை நான்தான் முழுக்கப் படித்திருந்தேன். கட்டித் தந்தவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. கடலுக்குப் போகிறவர்.

கால்களுக்கு நான்கு தென்னங்குற்றி. வயிற்றுக்குப் பழைய வலை, உள்ளே வைக்கோல். கழுத்துக்கு மூங்கில். நிசமான கழுத்தெலும்புக்குள்ளும் காற்றுத்தான் இருந்ததாம். வால் மட்டும் பாரம். தரையில் இழுபடாமல் பின்னால் நீட்டி, உள்ளே மணல் மூட்டை வைத்தோம். கழுத்தைத் தூக்கி வைத்திருந்தது அந்த வால்தான்.

"உடம்பு இவ்வளவு பெரிசு, தல தேங்காயளவு. ஏன் மகள்?" என்று சாச்சா கேட்டார்.

"அது மெல்லாது சாச்சா. இலைய உருவி அப்படியே முழுங்கும். மிச்ச வேல வகுத்துக்கு."

"அப்ப உங்கட மாமிட சாதி இல்ல. அவ வெத்தில வாயில போட்டா அஸர் தொழுகைக்குத்தான் நிப்பாட்டுவா."

மறுநாள் காலை சேர் வந்தார். வால் ஓட்டப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. வாள் கொண்டுவரச் சொன்னார்.

"வெட்டினா கழுத்து நிக்காது சேர்."

"பல்லியே வால விட்டுட்டு ஓடுது. இதுக்கென்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் அறுத்தார்கள். கழுத்துக்குச் சேரே ஒரு கம்பை முட்டுக் கொடுத்தார். சாச்சா கரையிலிருந்து வந்து சேர்ந்தபோது வால் இல்லை.

பிரதம விருந்தினர் வாசலுக்குள் நுழைந்தார். கம்பு நழுவியது. கழுத்து அவர் தோளில் விழுந்தது. மூங்கில் என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொப்பிதான் விழுந்தது.

பள்ளிக்கூட அதிபர் ஓடி வந்தார். சேர் என்னைக் காட்டினார்.

"இந்தப் புள்ளட வேல. எலும்புக்குள்ள காத்தாம். பொய்க் கதை."

"இனி நீ பள்ளிக்கூடம் வர வேணாம்" என்றார் அதிபர்.

நான் வாயைத் திறக்குமுன் சாச்சா முன்னுக்கு வந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரனை இறக்கி விட்டார்.

"என்ட பிழை. கட்டு சரியாப் போடல்ல. புள்ளைய ஒன்டும் சொல்லாதீங்க."

சோழகக் காற்றிலும் சாச்சா போட்ட கட்டு அவிழ்ந்ததில்லை. அது கரையில் எல்லாருக்கும் தெரியும். இதென்ன கட்டு என்று மைதானத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் மறக்கவில்லை.

"அப்ப சரி. திங்கட்கிழம வா" என்றார் அதிபர்.

வழியில் கத்தினேன். "பொய் சொன்னீங்க!"

"ஓம்."

"ஏன்?"

"வெயில், மகள். நடங்க."

சேரை விட அவர்மேல்தான் எனக்குக் கோபம். கழுத்தைத் தாங்கியது வால்தான் என்று என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவர். எனக்காகப் பேசவில்லை என்று நினைத்தேன். என் படிப்புக்காகத் தன் கைவேலையையே குறை சொன்னார் என்பது அப்போது விளங்கவில்லை.

திங்கட்கிழமை சாச்சா கடலுக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிப் போகச் சைக்கிளோடு வாசலில் நின்றார். மணியை இரண்டு தரம் அடித்தார்.

நான் பாயை விட்டு எழும்பவில்லை. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவே இல்லை.