பேனாவைத் தூக்கிய பிறகு

திரையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்கும் சூத்திரம் எழுதுவது என் வேலை. விரலால் தொட்டால் இவ்வளவு, பேனாவால் வட்டம் போட்டால் இவ்வளவு. இதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கேட்காதீர்கள். பெங்களூரு ரயிலில் நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர்களுக்குச் சூத்திரம் அழகாகப் பொருந்தியது. வயதானவர்களையும் சோதித்துப் பார் என்றார் மேலாளர். வயதானவருக்கு நான் எங்கே போவேன்? ஞாயிறு மதியம், ஆண்டர்சன்பேட்டை வீட்டில் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த வாரம்தான் அண்ணன் போனில், "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டு" என்று திட்டியிருந்தான். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார், அவ்வளவுதானே என்று நானும் சண்டை போட்டிருந்தேன்.

டேப்லெட்டில் ஒரு படத்தை வட்டமிட்டு, ஓரத்துப் பெட்டிக்கு இழுக்க வேண்டும். அப்பா நடுங்காமல் வட்டம் போட்டார். பேனாவைத் தூக்கினார். அப்புறம் சும்மா இருந்தார். படம் நிறம் மாறியும் அவர் அசையவில்லை. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் அதே காத்திருப்பு. என் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதையே மறந்துவிடுகிறாரோ?

"இன்னாப்பா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"பதில் வரல இல்ல?"

"யார்கிட்டருந்து?"

"கீழருந்துதான். நான்பாட்டுக்கு இழுத்துட்டா?"

அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். ஆட்கள் ஏறி இறங்கும் அந்தக் கூண்டை மேலிருந்து இயக்குவார். இவர் மணியடித்தால் கீழிருந்து பதில் மணி வந்தாக வேண்டும். வராமல் கூண்டை நகர்த்தினால் உயிர் போகும்.

அப்பாடா என்றிருந்தது. மறதி இல்லை, பழக்கம்! அண்ணனிடம் சொல்லிக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. உடனே குழப்பமும் வந்தது. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிறது. கையில் இருப்பது டேப்லெட் என்று இவருக்குத் தெரிகிறதா, இல்லையா? பழக்கம் எங்கே முடிகிறது, மறதி எங்கே ஆரம்பிக்கிறது? பேனா நிற்கும் நேரத்தை அளந்து பிழைக்கிற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வட்டம் முடிந்ததும் மேசையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சட்டென்று படத்தை இழுத்துப் பெட்டிக்குள் விட்டார். சூத்திரம் சொன்னதைவிட வேகம். சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா கேட்டார்.

"இன்னிக்கு ஷிப்டுல கீழ யாரு?"

கிண்டலா, நிஜமா? முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தாம்பா."

"தனியாவா?" பதறிப்போய் என்னைப் பார்த்தார். "ஏறிக்கோம்மா. நான் தூக்கறேன்" என்று மறுபடியும் பேனாவை எடுத்தார்.