பூசையில் வைத்த பான் கார்டு

என் மனைவிக்கு இரண்டு பான் கார்டு வந்ததற்கு என் வீம்புதான் காரணம். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. நான் கொல்லிமலையில் மிளகு போடுகிறவன். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் எனக்குக் கார்டும் கிடையாது. அடிவாரத்தில் மரவள்ளி போடும் என் மாமனாருக்கும் அப்படித்தான். இரண்டு வீட்டிலும் வருமான வரி கட்டுகிற ஒரே ஆள் அவள்.

கல்யாணத்துக்கு முன்பு, அவள் கீழே வேலை பார்த்தபோது, கார்டு எடுத்துக் கொடுத்தது அவள் அப்பா. மலைக்கு மாற்றலாகி வந்ததும் பள்ளியில் அதன் நகலைக் கேட்டார்கள்.

"கார்டு அப்பாகிட்ட இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம போயி வாங்கிட்டு வந்தர்றேன்" என்றாள்.

அப்போது எனக்கும் மாமனாருக்கும் பேச்சில்லை. அந்த வருஷக் கிடாவெட்டுக்கு அவர் நேரில் வந்து அழைக்காமல், மலைக்கு பஸ் ஏறிய ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையை ஆள் விட்டு அழைப்பது எங்கள் பக்கத்தில் அழைக்காததற்குச் சமம். அவருக்கு முழங்கால் வலி என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு அட்டைக்காக அங்க போயி நிக்க வேண்டாம். புதுசா எடுத்துக்கலாம்" என்றேன்.

நாமக்கல்லில் ஓர் ஏஜெண்டைப் பிடித்தோம். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னேன்.

"புருசன் பேரு அதுல வராதுங்க. கல்யாணமானாலும் அப்பா பேருதான்" என்றார் அவர்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்தில் இருந்த மனைவி அப்பா பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வருமான வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரிலேயே தாக்கல் செய்யலாம் என்று வந்தபோதுதான் குட்டு உடைந்தது. மலையிறங்கிப் போய், நெட் சென்டரில் புது நம்பரைப் போட்டுப் பார்த்தால், சம்பளத்தில் பிடித்த வரியில் ஒரு பங்கைக் காணோம். கீழே இருந்த பள்ளியில் பிடித்ததெல்லாம் பழைய நம்பரில் கிடந்தது.

"ஒருத்தருக்கு ரெண்டு நம்பர் இருக்கக் கூடாதுங்க. சம்பளம் இப்ப புதுசுல ஓடுது, பழச ஒப்படைச்சிருங்க. அந்தக் கார்டைக் கொண்டாங்க" என்றார் ஆடிட்டர்.

மனைவி தானே போவதாகச் சொன்னாள். அன்றைக்கு அவளைத் தடுத்தவன் நான். போக வேண்டியவனும் நான்தான்.

"வாங்க மாப்பிள்ளை" என்று மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலி நிஜம்தான். விஷயத்தைச் சொன்னேன். ஏன் இன்னொன்று எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சாமி அறைக்குள் போய்க் கார்டை எடுத்து வந்தார். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"ஆயுத பூசைக்கு அருவாளோட இதையும் வெச்சுக் கும்புடறதுங்க. நம்ம சனத்துல கெவர்மெண்டுக்கு வரி கட்டற மொத ஆளு அவதானுங்களே. இனி இது செல்லாதுங்களா?"

"செல்லாதுங்க மாமா." தலை நிமிர்ந்து சொல்ல எனக்கு முகம் இல்லை.

"அந்தப் புதுச ஒருக்கா காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்பேர எடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க மாமா, இருக்குதுங்க" என்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். "கோவத்துலயும் எம்பேர உடாமப் போட்டிருக்கீங்க, மாப்பிள்ளை" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அது சட்டம், என் தயவு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய கார்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அப்பா என்னங்க சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கார்டை வாங்கி, அதில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு அப்படியே நெனச்சுட்டிருக்கட்டும், உடுங்க" என்றாள்.